அப்பா பார்த்திராத வண்டி

அன்புள்ள பிரிட்டோ,

இன்னும் பத்து நாளில் உனக்குக் கல்யாணம். அதற்கடுத்த வாரம் நீயும் ஸ்டெல்லாவும் புனேவுக்கு ரயிலேறிவிடுவீர்கள். அதற்குள் உன்னிடம் ஒரு விஷயம் பேசிவிட வேண்டும் என்று இரண்டு முறை ஆரம்பித்தேன். ஒரு முறை நீ பத்திரிகைக் கட்டைத் தூக்கிக்கொண்டு செஞ்சிப் பக்கம் கிளம்பிவிட்டாய். இன்னொரு முறை தையல்காரர் போன் செய்துவிட்டார். அதனால் எழுதுகிறேன். பன்னிரண்டு வருஷமாக ஸ்டீயரிங் பிடித்த கை, பேனாவைப் பிடித்தால் நான்கு வரியில் வலிக்கிறது. இன்று சவாரி ஒன்றும் எடுக்காமல், திண்டிவனம் வீட்டு வாசலில் காரை நிறுத்திவிட்டு, கதவைத் திறந்து வைத்து முன் சீட்டிலேயே உட்கார்ந்து எழுதுகிறேன். வீட்டுக்குள் உன் பெரியம்மாக்கள் பலகாரக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். இங்கேதான் எனக்கு நிம்மதி. இதை ஸ்டெல்லாவும் படிக்கட்டும். அவளிடம் மறைக்க வேண்டியது இதில் ஒன்றும் இல்லை, அவள் தெரிந்துகொள்ள வேண்டியதுதான் நிறைய இருக்கிறது.

உன் அப்பாவிடமிருந்து தொடங்கினால்தான் சரியாக வரும். அவர் போனபோது நீ ஒன்பதாம் வகுப்பு. அவரைப் பற்றி உனக்கு நினைவிருப்பது வெள்ளைச் சட்டையும், பழைய டீசல் அம்பாசிடரும், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோயில் வாசலில் அந்த வண்டியைத் துடைத்துக்கொண்டு நிற்பதும்தான். எனக்கு அவர் வண்டியோட்டக் கற்றுக்கொடுத்தது கல்யாணமான இரண்டாம் வருஷம். "நாளைக்கு எனக்கு ஒடம்பு முடியலைன்னா சவாரி நிக்கக் கூடாது" என்று சொல்லித்தான் கற்றுக்கொடுத்தார். கிளட்சை எப்படி விடுவது என்பதற்கு முன்னால் அவர் சொல்லிக்கொடுத்தது ஆயில் பார்ப்பது எப்படி என்பதை. பானெட்டைத் திறந்து, அளவுக் கம்பியை உருவி, நுனியில் இருக்கும் ஆயிலைக் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் தேய்ப்பார். "பாரு, தேன் மாதிரி ஒட்டிக்கினு நிக்கணும். தண்ணி மாதிரி ஓடுச்சின்னா என்ஜின் போச்சு" என்பார். அவர் போன பிறகு நான் அந்த அம்பாசிடரை ஓட்டினேன். பொம்பளை டிரைவர் என்று ஸ்டாண்டில் சிரித்தார்கள், அப்புறம் அதே ஸ்டாண்டில் எனக்கு இடம் விட்டார்கள். அந்த வண்டியை விற்றுவிட்டு, இப்போது நான் உட்கார்ந்திருக்கும் இந்த டீசல் காரை வாங்கிய பிறகும், ஒவ்வொரு நாள் காலையிலும் கம்பியை உருவி விரலில் தேய்த்துப் பார்ப்பேன். அது ஆயில் பார்ப்பதற்காக மட்டும் செய்ததில்லை. அந்த அரை நிமிஷம் உன் அப்பா என் பக்கத்தில் நிற்பது போல இருக்கும்.

இந்த வண்டிக்கு ஆயில் மாற்றுவது அப்போதும் மெக்கானிக் பாஷா பாய்தான். மேம்பாலத்துக்குப் பக்கத்தில் உள்ள அவருடைய ஒர்க்‌ஷாப்பில் உன் அப்பா காலத்திலிருந்து எந்த வண்டி வந்தாலும் ஒரே டப்பாதான், டுவென்ட்டி ஃபிஃப்டி. கெட்டியான ஆயில். எனக்கும் அதுதான் பிடித்தது, விரலில் தேன் மாதிரி நின்றது. வண்டியோடு வந்த புத்தகம் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் டேஷ்போர்டு பெட்டிக்குள் கிடந்தது. அதை யார் படிப்பார்கள்? நீ படித்தாய். விழுப்புரம் பாலிடெக்னிக்கில் மூன்றாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தாய் அப்போது. ஒரு நாள் மேல்மலையனூர் அமாவாசைக்கு ஒரு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு போனபோது துணைக்கு நீயும் வந்தாய். கூட்டத்தில் வண்டி ஊர்ந்து ஊர்ந்து போனது. நான் ஆட்களைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தேன். நீ முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தாய். "மா, டெம்பரேச்சர் நடுவுல நிக்க மாட்டேங்குது, மேல ஏறுது பாரு" என்றாய். வெயிலுக்கு அப்படித்தான் என்றேன். வீட்டுக்கு வந்ததும் நீ அந்தப் புத்தகத்தின் உறையைப் பிரித்தாய்.

அன்று சாயங்காலம் நம் அடுப்படியில் நடந்தது உனக்கு நினைவிருக்கிறதா? புத்தகத்தில் இந்த வண்டிக்கு ஃபைவ் தேர்ட்டிதான் போட்டிருக்கிறது, அது மெல்லிய ஆயில், நாம் ஊற்றுவது மிகவும் கெட்டி என்று சொன்னாய். கெட்டி என்றால் நல்லதுதானே என்றேன். நீ வாதாடவில்லை. காலையில் காய்ச்சிய கேப்பைக் கூழ் சட்டியில் இறுகிக் கிடந்தது. பாதியை வேறு சட்டியில் எடுத்து மோர் விட்டுக் கரைத்தாய். இரண்டிலும் ஒரு கரண்டியைப் போட்டு, "ரெண்டையும் சுத்திப் பாரும்மா" என்றாய். கரைத்தது லேசாகச் சுற்றியது. இறுகியது கையை வலிக்கச் செய்தது. "உன் கை வலிக்குது பாரு, அந்த பலம் எங்க போவும்? என்ஜினுக்குள்ள அது சூடாத்தான் போவும். ஆயில் கெட்டியா இருந்தா என்ஜின் அத உழுதுக்கினு சுத்தணும். அதுவும் இல்லாம, உள்ள இருக்கிற சூட்ட எடுத்துக்கினு வெளிய வர்றதும் ஆயில் வேலதான். கெட்டியானது மெதுவாத்தான் ஓடும், மெதுவாத்தான் எடுத்துக்கினு வரும்." ரொம்பத் தண்ணியாக இருந்தாலும் வம்புதான், இரும்பும் இரும்பும் உரசிவிடும், அதனால்தான் எந்த வண்டிக்கு எது என்று புத்தகத்தில் போடுகிறார்கள் என்றும் சொன்னாய். சின்னக் குழந்தைக்கும் புரியும்படி சொன்னாய். எனக்கும் புரிந்தது. புரிந்ததால்தான் கோபம் வந்தது. "உங்கப்பா முப்பது வருஷம் வண்டி ஓட்டினாரு. ஒரு நாள் நடுரோட்டுல நின்னாரா? புக்க பாத்தா ஓட்டினாரு?" என்று கத்தினேன். நீ புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கூழைக் குடித்தாய்.

இப்போது நான் செய்த தப்பைச் சொல்கிறேன். இதை உன்னிடம் நான் வாயால் சொன்னதே இல்லை. கத்திரி வெயில் தொடங்கியதும் முள் இன்னும் மேலே ஏறத் தொடங்கியது. நீ சொன்னதைக் கேட்டிருக்கலாம். நான் அதற்கு நேர்மாறாகச் செய்தேன். சூட்டில் ஆயில் இளகிவிடுகிறது, அதனால்தான் வண்டி சூடாகிறது, இன்னும் கெட்டியாக ஊற்றினால் தாங்கும் என்று நானே முடிவு செய்துகொண்டேன். பாஷா பாயிடம் போய், "இதவிட கெட்டியா எதாவது இருக்குதா பாய்?" என்று கேட்டேன். லாரிக்கு ஊற்றும் ஆயில் ஒன்று வைத்திருந்தார். அவரே கொஞ்சம் தயங்கினார். "யக்கா, சின்ன என்ஜினு, இது தேவையா?" என்றார். "ஊத்துங்க பாய், என் வண்டிதானே" என்றேன். உன்னிடம் சொல்லவில்லை. நீ காலேஜிலிருந்து வருவதற்குள் வேலையை முடித்துவிட்டு, ஒன்றும் தெரியாதவள் போல வாசலில் நின்றேன். அடுத்த நாள் காலையில் விரலில் தேய்த்தபோது ஆயில் அப்படியே ஒட்டிக்கொண்டு நின்றது. உன் அப்பாவுக்குக் காட்ட வேண்டிய விசுவாசத்தைக் காப்பாற்றிவிட்டதாக நினைத்தேன்.

கோவிந்தன் அண்ணனைப் பற்றி ஸ்டெல்லாவுக்குத் தெரியாது, அவளுக்காக இதைச் சொல்கிறேன். திண்டிவனத்துக்குக் கிழக்கே ஒரு கிராமத்தில் சொந்த நிலத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போடுகிறவர். இரண்டு சிறுநீரகமும் பழுதாகி, வாரத்தில் மூன்று நாள் விழுப்புரத்துக்குப் போய் டயாலிசிஸ் செய்துகொள்ள வேண்டும். செவ்வாய், வியாழன், சனி. அவரும் அவர் மனைவி சரசு அக்காவும் என் காரில்தான் போவார்கள். பஸ்ஸில் போய்வர அவரால் முடியாது. ஒரு முறை தவறினால் உடம்பில் நீர் கோர்த்துக்கொள்ளும், மூச்சு முட்டும். அதனால் வேறு எந்தச் சவாரியை விட்டாலும் அந்த மூன்று நாளை நான் விட்டதில்லை. அவர் என்னைத் தங்கச்சி என்பார். உன்னை மாப்ளே என்பார். பின் சீட்டில் படுத்துக்கொண்டே அரசியல் பேசுவார், மழை பேசுவார், டயாலிசிஸைப் பற்றி மட்டும் பேச மாட்டார்.

அது ஒரு செவ்வாய்க்கிழமை. சனிக்குப் பிறகு நீண்ட இடைவெளி வருவதால் செவ்வாய்க்கிழமைகளில் அவர் உடம்பு ரொம்பவும் மோசமாக இருக்கும். அன்று கால் இரண்டும் வீங்கியிருந்தது. ஏசியை முழுதாக வை தங்கச்சி என்றார், வைத்தேன். கூட்டேரிப்பட்டு தாண்டும்போதே முள் நடுவைத் தாண்டிவிட்டது. பார்த்தேன், பார்க்காத மாதிரி ஓட்டினேன். விக்கிரவாண்டி டோல்கேட்டில் வரிசையில் நின்றபோது இன்னும் ஏறியது. டோல்கேட்டைத் தாண்டி ஒரு பாலத்தில் ஏறும்போது சிவப்பு விளக்கு எரிந்தது, பானெட் ஓரத்திலிருந்து ஆவி கிளம்பியது. ஓரமாக நிறுத்தி என்ஜினை அணைத்தேன். ஏசி நின்றதும் இரண்டு நிமிஷத்தில் உள்ளே அனல். அண்ணனை இறக்கிப் புளியமரம் ஒன்றின் கீழே உட்கார வைத்தோம். அவருக்கு மூச்சு இழுத்துக்கொண்டு வந்தது. போகிற கார்களை எல்லாம் கை காட்டினேன், ஒன்றும் நிற்கவில்லை. ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டேன், ஒரு விபத்துக்குப் போயிருக்கிறது, கொஞ்சம் நேரமாகும் என்றார்கள். சரசு அக்கா முந்தானையால் அவருக்கு விசிறிக்கொண்டே, "இன்னா கண்ணு பண்றது, எதனா பண்ணு கண்ணு" என்றார். உனக்குப் போன் செய்தேன். நீ லேபிலிருந்து அப்படியே எழுந்து, நண்பனின் பைக்கை வாங்கிக்கொண்டு வந்தாய்.

நீ வந்து சேர்ந்தபோது நான் ஒரு பாட்டில் தண்ணீரோடு பானெட்டுக்குள் குனிந்து, ரேடியேட்டர் மூடியில் துணியைச் சுற்றித் திருகப்போனேன். பைக்கைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்து என் கையைப் பிடித்து இழுத்தாய். அன்று அந்த மூடியைத் திறந்திருந்தால் உள்ளே கொதிக்கும் தண்ணீர் என் முகத்தில்தான் அடித்திருக்கும். அதெல்லாம் எனக்கு அப்போது தோன்றவில்லை. எல்லாரும் பார்க்க உன் கன்னத்தில் அறைந்தேன். "நேத்து நீதானடா பானெட்ட தொறந்து எதையோ நோண்டிக்கினு இருந்தே! நல்லா ஓடின வண்டிய கெடுத்து வெச்சிட்டியேடா! ஒரு உசுரு போவுதுடா உன்னால!" என்று கத்தினேன். முந்தைய நாள் நீ திறந்தது கூலன்ட் அளவு பார்ப்பதற்காக. அது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் கத்தினேன். உன் கன்னம் சிவந்துவிட்டது. நீ கன்னத்தைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "அடிக்கிறத அப்புறம் அடிம்மா. மாமாவ மொதல்ல அனுப்பலாம்" என்றாய்.

இருபது வயது உனக்கு. நான் இருபது நிமிஷம் ஓரத்தில் நின்று கை காட்டிய அதே ரோட்டில், நீ உன் கலர் சட்டையைக் கழற்றி வீசிக்கொண்டு நடுக்கோட்டுக்கே போய்விட்டாய். தர்பூசணி ஏற்றிக்கொண்டு வந்த குட்டி யானை என்கிற ஒரு சின்னச் சரக்கு வண்டி பிரேக் அடித்து நின்றது. டிரைவர் திட்டத் தொடங்குவதற்குள், "அண்ணே, டயாலிசிஸ் பேசன்ட்டுண்ணே, பத்து நிமிசம் லேட்டானா மூச்சு நின்னுடும், வந்து பாருங்கண்ணே" என்றாய். அந்த மனிதர் இறங்கி வந்து பார்த்தார். அவரே ஒரு பக்கம் தோள் கொடுத்தார். அண்ணனை முன் சீட்டில் ஏற்றி, சரசு அக்காவைப் பழங்களுக்கு நடுவில் உட்கார வைத்து, நீ பின்னால் தொங்கிக்கொண்டே போனாய். ஆஸ்பத்திரியில் அவருடைய நேரம் தாண்டிவிட்டதால் வேறு ஒருவரைப் படுக்க வைத்துவிட்டார்களாம். நீ அங்கே யாரிடமும் சத்தம் போடாமல், ஒவ்வொரு நர்ஸிடமும் போய்ப் பேசி, அவருக்கு ஆக்சிஜன் வைக்கச் சொல்லி, அடுத்த மெஷினில் இடம் வாங்கிக் கொடுத்தாய். சாயங்காலம் நாலு மணிக்கு, "மாமா தூங்குறாரும்மா, கால் வீக்கம் கொறஞ்சிருக்கு" என்று நீ போன் செய்தபோது நான் அதே புளியமரத்தடியில்தான் இருந்தேன். பாஷா பாய் வண்டியைக் கட்டி இழுக்க வந்திருந்தார்.

அன்று மாலை நேராக ஒர்க்‌ஷாப்புக்கு வந்தாய். ஆறிய என்ஜினிலிருந்து அளவுக் கம்பியை உருவி, நுனியை விரலில் தேய்த்தாய். உன் அப்பா தேய்ப்பது போலவே. பிறகு என்னைப் பார்த்தாய். நான் தலையைக் குனிந்துகொண்டேன். "எப்பம்மா மாத்தினே?" என்று கேட்டாய். "போன வாரம்" என்றேன். பாஷா பாய் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். நான் சொல்லச் சொல்லக் கேட்காமல் செய்தாயே என்று நீ ஒரு வார்த்தை கேட்டிருந்தால் எனக்கு அழவாவது முடிந்திருக்கும். நீ கம்பியைத் துடைத்துத் திரும்பச் செருகினாய். "பத்து நாள் வண்டிய எங்கிட்ட குடும்மா. நான் சொன்னது சரியான்னு எனக்கே தெரியல. அளந்து பாக்கணும்" என்றாய்.

அந்தப் பத்து நாள் நீ செய்ததை நினைத்து நினைத்து நான் பெருமைப்பட்டுக்கொண்டே இருக்கிறேன். பாஷா பாய் தன் காரை எனக்குச் சவாரிக்குக் கொடுத்தார், நம் வண்டி உன் கையில். நல்ல வேளையாக, சிவப்பு விளக்கைப் பார்த்ததும் நிறுத்தியதால் என்ஜின் தப்பித்திருந்தது. ஸ்டீயரிங்குக்குக் கீழே சொருகும் ஒரு சின்னக் கருவியை வாங்கி வந்தாய், அது ரேடியேட்டர் தண்ணீரின் சூட்டைச் செல்போனில் காட்டியது. ஆயிலின் சூட்டைப் பார்க்க, காலேஜ் லேபில் கேட்டு ஒயர் மாதிரி இருக்கும் தெர்மாமீட்டர் ஒன்றை வாங்கி வந்து கம்பி போகும் துளை வழியாக விட்டாய். லாரி ஆயிலோடு மூன்று நாள், புத்தகத்தில் போட்ட ஆயிலோடு மூன்று நாள். தினமும் காலை எட்டு மணிக்குக் கிளம்பி, திண்டிவனத்திலிருந்து விழுப்புரம், ஒரே வேகம், ஏசி இல்லாமல், முள் ஏறினால் உடனே நிறுத்துவது என்று உனக்கு நீயே சட்டம் போட்டுக்கொண்டாய். பாஷா பாய்க்கு அது வேடிக்கையாக இருந்தது. "இன்னா தம்பி, இருவத்தஞ்சு வருசமா ஊத்திக்கினு இருக்கேன். ஜல்தியா ஆயில மாத்தி வுட்டுட்டு வேற வேலய பாக்காம, இன்னா பேஜாரு இது?" என்றார். "நான் சொல்றது தப்பா இருந்தா உங்க ஆயிலையே ஊத்திடலாம் பாய்" என்றாய். அவர் சிரிப்பதை நிறுத்திவிட்டார்.

ஏழாம் நாள் சாயங்காலம் நோட்டைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாய். மெல்லிய ஆயில் ஊற்றிய பிறகு ஆயிலின் சூடு எட்டு ஒன்பது டிகிரி குறைந்திருந்தது. மூன்று நாளும் அப்படியே. எனக்கு அது போதும். தோற்றுவிட்டேன், நீ சொன்னதுதான் சரி என்று ஒத்துக்கொள்ள வாயெடுத்தேன். நீ தடுத்தாய். "இரும்மா. தண்ணி சூடு ரெண்டு டிகிரிதான் கொறஞ்சிருக்கு. ஆவி வர்ற அளவுக்குப் போனதுக்கு ஆயில் மட்டும் காரணமா இருக்க முடியாது. நானும் பாதி தப்பாத்தான் சொல்லிக்கினு இருந்திருக்கேன்." அங்கேயே நிறுத்திக்கொண்டிருந்தால் நீ ஜெயித்தவன். உன்னை அறைந்தவள் எதிரில் உட்கார்ந்து ஒத்துக்கொள்ளத் தயாராக இருக்கிறாள், பாஷா பாயும் ஒத்துக்கொண்டுவிட்டார். அப்போதும் உனக்கு ஜெயித்தது போதவில்லை, காரணம் தெரிய வேண்டியிருந்தது. அடுத்த நாள் முன் பம்பரைக் கழற்றினாய். ஏசிக்காக முன்னால் இருக்கும் வலைக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில், வெளியிலிருந்து பார்த்தால் தெரியாத இடத்தில், மெத்தை போலப் படிந்திருந்தது குப்பை. மார்க்கெட் கமிட்டிச் சந்தில் நான் வண்டி நிறுத்துவேனே, அங்கே பறக்கும் மல்லாட்டைத் தோல், பூச்சி, மண். காற்றே உள்ளே போகவில்லை. பாதி ரேடியேட்டர் இல்லாமல்தான் இத்தனை நாள் ஓட்டியிருக்கிறேன். அதைக் கழுவி மாட்டி, கத்திரி வெயிலில் மத்தியானம் ஒரு மணிக்கு, ஏசி போட்டு, நீ ஓட்ட நான் பக்கத்தில் உட்கார்ந்து விழுப்புரம் போனோம். முள் நடுவில் நின்றது, அசையவில்லை. அதே பாலத்தில் ஏறும்போது நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். நீ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு ஓட்டினாய்.

திரும்பி வரும்போது, விக்கிரவாண்டியில் டீ குடிக்க நிறுத்தினோம். அப்போதுதான் நான் மனதில் இருந்ததைக் கேட்டேன். "அப்போ உங்கப்பா அத்தன வருசமா தப்பாத்தான் ஊத்திக்கினு இருந்தாராடா?" என் குரல் எப்படி இருந்ததோ, நீ டீயைக் கீழே வைத்துவிட்டாய். "இல்லம்மா. அப்பா கரெக்ட். அம்பாசிடர் பழைய என்ஜின், உள்ள இடைவெளி ஜாஸ்தி. அதுக்கு மெல்லிசா ஊத்தினா நிக்காது, ஓடிடும். அதுக்கு கெட்டிதான் சரி. இது புது என்ஜின், இடைவெளி முடி கணக்கா இருக்கும். அப்பா இந்த வண்டிய பாத்ததே இல்லையேம்மா. பாத்திருந்தா அவரே புக்க தொறந்திருப்பாரு." நான் புடவைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டேன். டீக்கடைக்காரர் என்னவோ ஏதோ என்று பார்த்தார். உன் அப்பா போனதிலிருந்து ஆறு வருஷமாக, அவர் செய்ததை அப்படியே செய்வதுதான் அவரை வைத்துக்கொள்வது என்று நினைத்திருந்தேன். நீதான் அவரை என்னிடமிருந்து பிடுங்காமலேயே, என் கையிலிருந்த டப்பாவை மட்டும் வாங்கிக் கீழே வைத்தாய். பாஷா பாயிடமும் அப்படியே பேசினாய். அவருக்கு ஒரு சங்கடமும் வராதபடி பேசியதால்தான், இன்றுவரை அவர் எந்த வண்டி வந்தாலும், "புக்க எடு மொதல்ல" என்கிறார்.

இதெல்லாம் உனக்கும் தெரிந்த கதைதான், எனக்கும் தெரிந்த கதைதான் என்று இத்தனை நாள் இருந்தேன். போன வியாழக்கிழமை எனக்குத் தெரியாத ஒன்று தெரிந்தது. கோவிந்தன் அண்ணனையும் சரசு அக்காவையும் ஏற்றிக்கொண்டு விழுப்புரம் போய்க்கொண்டிருந்தேன். உன் கல்யாணம் டயாலிசிஸ் இல்லாத நாளாகப் பார்த்து வைத்ததில் அவருக்கு அத்தனை சந்தோஷம். "நம்ம நோண்டி மாப்ளைக்குக் கல்யாணமா!" என்று சிரித்தார். உன்னை அவர்கள் வீட்டில் எல்லாரும் நோண்டி என்று கூப்பிடுவது எனக்குத் தெரியும். எதையாவது கழற்றிக்கொண்டே இருப்பவன் என்பதால் கேலியாக வைத்த பெயர் என்றுதான் நினைத்திருந்தேன். ஏன் அண்ணே அந்தப் பேரு என்று சும்மா கேட்டேன். "உனக்குத் தெரியாதா தங்கச்சி? அன்னிக்கி தர்பூசணி வண்டில என்ன ஏத்தி வுடறப்ப கையப் புடிச்சிக்கினு சொன்னானே. மாமா, அம்மா வண்டிய நல்லாத்தான் வெச்சிருந்தாங்க, நான்தான் நேத்து நோண்டி கெடுத்துட்டேன், அம்மா மேல கோவப்பட்டு வேற வண்டிக்குப் போயிடாதீங்கன்னு. அப்பறம் நான் எப்படி வேற வண்டிக்குப் போவேன்?" என்றார்.

ரோட்டோரமாக வண்டியை நிறுத்திவிட்டேன். வண்டிக்கு மறுபடியும் என்னமோ ஆகிவிட்டது என்று அக்கா பயந்துவிட்டார். திரும்பி உட்கார்ந்து, இரண்டு பேரிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். லாரி ஆயிலை நான் ஊற்றச் சொன்னதையும், உன்னிடம் மறைத்ததையும், தெரிந்தே உன்மேல் பழி போட்டதையும். அண்ணன் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். சரசு அக்காதான் பேசினார். "ஆறு வருசமா புள்ளைய அந்தப் பேரு சொல்லிக் கூப்ட்டுக்கினு இருந்தோமே கண்ணு. கூப்ட்டப்பல்லாம் சிரிச்சிக்கினே திரும்பிப் பாத்தானே."

பிரிட்டோ, அந்த வயதில், கன்னம் எரிந்துகொண்டிருக்கும்போது, ஒரு உயிரையும் தூக்கி ஏற்றி, அம்மாவின் பிழைப்பையும் காப்பாற்ற வேண்டும் என்று உனக்கு எப்படித் தோன்றியது? அந்த மனசு என்னிடமிருந்து வந்ததில்லை என்பது மட்டும் எனக்கு நிச்சயம். உன்னைப் பெற்றவள் என்று சொல்லிக்கொள்ள எனக்கு ஆசையாக இருக்கிறது, கூடவே கூச்சமாகவும் இருக்கிறது.

ஆனாலும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இனிமேல் அப்படிச் செய்யாதே. அன்று என்னைக் காப்பாற்றினாய், சரி. மறுநாளாவது, "நீ செஞ்சது தப்பும்மா" என்று என் முகத்துக்கு நேராகச் சொல்லியிருக்கலாம். நீ சொல்லாததால் நான் ஆறு வருஷம் அந்த அறையை என் கைக்குள்ளேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். ஸ்டெல்லா நல்ல பெண். ஆனால் அவளும் மனுஷிதான், என்னைப் போலவே ஒரு நாள் பயத்தில் அநியாயமாக உன்மேல் பாய்வாள். அவளுக்காகப் பழியைத் தூக்கிச் சுமந்துகொண்டு சிரிக்காதே. எண்களை நோட்டில் எழுதி என் முன்னால் வைத்தாயே, அதே நிதானத்தோடு, வலித்தது என்பதையும் சொல்லிவிடு. கேட்டுத் தெரிந்துகொள்ள அவளுக்கு ஒரு வாய்ப்புக் கொடு. ஸ்டெல்லா, நீயும் இவன் பேசாமல் இருந்தால் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளாதே. இரண்டு முறை கேள்.

உன்னை அடித்தது எல்லாரும் பார்க்கும்படி, நெடுஞ்சாலை ஓரத்தில். அதனால் மன்னிப்பையும் கல்யாண மண்டபத்தில் எல்லார் முன்னாலும் கேட்க வேண்டும் என்றுதான் நினைத்தேன். மைக்கைப் பார்த்தாலே நீ வெட்கப்பட்டு ஓடிவிடுவாய் என்பதால் இங்கே கேட்கிறேன். அன்று தப்பு என்னுடையது கண்ணு. என்னை மன்னித்துவிடு.

உன் அம்மா